அமலி வந்திருந்தாள்

கீழ்வேளூரில் ஏறிய பஸ் திருவாரூரில் அரை மணி நேரம் நின்று, நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் இன்னொரு அரை மணி நேரம் நின்று, தஞ்சாவூர் வந்து சேர்ந்தபோது பிற்பகல் மூன்று மணி. நான்கு நாட்களாக ஐப்பசி மழை விடாமல் கொட்டியதில் அந்த நேரத்திலேயே ஊர் விளக்கேற்றும் பொழுதாகக் கறுத்துக் கிடந்தது. ஃபிளோரா மருத்துவக் கல்லூரி சாலையில் இறங்கி, புடவையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கணுக்கால் தண்ணீரில் நடந்து வீட்டுக்கு வந்தாள்.

பழைய ஓட்டு வீடு. ஆஸ்பத்திரிக்குப் பக்கம் என்பதற்காக வாடகைக்கு எடுத்தது. ஜூன் மாதம் மெட்ராஸில் ஜோசப்ராஜுக்குச் சிறுநீரக மாற்று ஆபரேஷன் முடிந்ததிலிருந்து கணவனும் மனைவியும் இங்கேதான் இருந்தார்கள்.

வெளியே போய்வந்தால் நேராக உள்ளே போகக்கூடாது. டாக்டர் முதல் நாளே சொல்லியிருந்தார். கொல்லைப்புறம் சுற்றிப் போய்க் குளித்து, வேறு புடவை மாற்றி, கையை டெட்டால் தண்ணீரில் கழுவிய பிறகுதான் நோயாளியின் அறைக்குள் நுழையலாம். இன்று அவள் வழக்கத்தைவிட அதிக நேரம் குளித்தாள். குதிகாலில் அப்பியிருந்த களிமண்ணை நகத்தால் சுரண்டிச் சுரண்டிக் கழுவினாள். அது கல்லறைத் தோட்டத்து மண்.

அறைக் கதவைத் திறந்ததும் மருந்து வாடை முகத்தில் அடித்தது. உடம்பு புதுச் சிறுநீரகத்தைத் தள்ளிவிடாமல் இருப்பதற்காக அவன் தினம் இரண்டு வேளை பாலில் கலந்து குடிக்கும் எண்ணெய் மருந்தின் வாடை. ஐந்து மாதமாக அது சுவரிலேயே ஊறிப்போயிருந்தது. ஆனால் இன்று அதற்கு அடியில் இன்னொரு வாடையும் இருந்தது. நாள் முழுக்க வயல் தண்ணீரில் நின்று களை பறித்துவிட்டுக் கரையேறுகிறவர்களின் காலிலிருந்து வருமே, அந்தச் சேற்று வாடை.

ஜோசப்ராஜ் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். முகத்தில் ஒரு சிரிப்பு.

"வேளாங்கண்ணியில கூட்டமா?" என்று கேட்டான். அங்கே மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வருவதாகத்தான் அவள் சொல்லிவிட்டுப் போயிருந்தாள்.

"மழைங்க. கூட்டம் இல்ல."

"கொஞ்சம் முன்னாடி வந்திருந்தீன்னா பாத்திருக்கலாம். அமலி வந்திருந்தா."

ஃபிளோராவின் கை கதவுப்பிடியிலேயே நின்றது.

"இந்தக் கட்டில்லதான் உக்காந்திருந்தா. நீ கொல்லையில தண்ணி மொள்ளுற சத்தம் கேட்டதும் எழுந்துட்டா."

அன்று காலை பத்து மணிக்குத்தான் அமலியைப் புதைத்துவிட்டு வந்திருந்தாள் ஃபிளோரா.

அமலி ஜோசப்ராஜின் ஒரே தங்கை. அவன் வயிற்றில் இருக்கும் சிறுநீரகம் அவளுடையது.

ஃபிளோரா கூடத்துக்கு வந்தாள். பெரியாஸ்பத்திரியில் முப்பது வருடம் ஆயாவாக இருந்து ஓய்வு பெற்ற அம்சவல்லி, காலையிலிருந்து ஜோசப்ராஜுக்குத் துணையாக இருந்தவள், முறத்தில் அரிசி பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"யாராச்சும் வந்தாங்களாக்கா?"

"இந்த மழையில யாரும்மா வருவாங்க? கதவு தாப்பா போட்டபடிதான் இருக்கு."

"அவரு தூங்குனாரா?"

"ரேடியோ கேட்டுக்கிட்டு இருந்தாருன்னு நெனைக்கிறேன். உள்ள ரெண்டு பேர் பேசுற சத்தம் கேட்டுச்சு."

அந்த அறையில் ரேடியோ இல்லை.

*

ஜோசப்ராஜ் குவைத்தில் ஒன்பது வருடம் ஏசி மெக்கானிக்காக இருந்தவன். தொண்ணூற்றைந்தில் முகம் வீங்கி, மூச்சு வாங்கித் திரும்பி வந்தான். இரண்டு சிறுநீரகமும் சுருங்கிவிட்டன என்றார்கள். வாரம் இரண்டு முறை டயாலிசிஸ். மெஷினில் போட்டு எடுத்த துணிபோல ஆகிவிட்டான். வெளி ஆளிடம் விலைக்கு வாங்குவதற்குத் தடைபோட்டு அப்போதுதான் சட்டம் வந்திருந்தது. ரத்த உறவு யாராவது கொடுத்தால்தான் உண்டு. அப்பா அம்மா இல்லை. ஃபிளோராவின் ரத்த வகை சேரவில்லை. அமலியுடையது சேர்ந்தது.

ஆனால் அமலிக்கு அப்போது கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. கீழ்வேளூரில் ஒரு எஸ்.டி.டி. பூத்தில் வேலை பார்த்தாள். அங்கே மஸ்கட்டுக்குப் பேச வரும் நாகப்பட்டினத்துப் பெரியம்மா ஒருத்தி அவளைப் பிடித்துப்போய்த் தன் மகன் ரெமிஜியஸுக்குக் கேட்டிருந்தாள். ஒரு சிறுநீரகம் இல்லாத பெண்ணை அவர்கள் கட்டமாட்டார்கள். கட்டப்போகிற பெண்ணின் சிறுநீரகத்தை எடுக்கவும் விடமாட்டார்கள்.

ஃபிளோரா ஒருநாள் யாருக்கும் சொல்லாமல் நாகப்பட்டினம் போனாள். ரெமிஜியஸின் அம்மாவிடம் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள். "அமலிக்குச் சின்ன வயசுலேர்ந்தே வலிப்பு வரும். மறைச்சுக் கட்டிக்குடுக்க எனக்கு மனசு கேக்கலம்மா."

ஒரே வாரத்தில் நிச்சயம் முறிந்தது. காரணம் எதுவும் சொல்லாமல் மோதிரத்தைத் திருப்பி அனுப்பினார்கள். அமலி மூன்று நாள் ஃபிளோராவின் மடியில் படுத்து அழுதாள். நான்காம் நாள் எழுந்து உட்கார்ந்து சொன்னாள்.

"எனக்கு இனிமே எதுக்கு அண்ணி ரெண்டு? ஒண்ண அண்ணனுக்குக் குடுத்துடுறேன்."

ஃபிளோரா அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். அந்த அழுகை பொய்யில்லை.

செப்டம்பரில் வேளாங்கண்ணித் திருவிழாக் கூட்டத்தில் ரெமிஜியஸின் அம்மா அமலியைப் பார்த்துவிட்டாள். அண்ணி சொன்ன வலிப்பு இப்போது எப்படி இருக்கிறது என்று பரிவோடு கேட்டிருக்கிறாள். மறுநாள் உச்சி வெயிலில் அமலி இந்த வீட்டுக் கம்பி கேட்டுக்கு வெளியே வந்து நின்றாள்.

"அண்ணனப் பாக்கணும். உள்ள விடுங்க அண்ணி."

"வெளி ஆளுங்க வரக்கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு. கிருமி ஒட்டிக்கும்."

"நான் வெளி ஆளா?"

ஃபிளோரா ஜன்னலைச் சாத்திக்கொண்டாள். இடுக்கு வழியாகப் பார்த்தபோது அமலி ஒரு மணி நேரம் அசையாமல் நின்றாள். இடது விலாவில், தையல் போட்ட இடத்தில் உள்ளங்கையை வைத்தபடி. பிறகு போய்விட்டாள். ஜோசப்ராஜ் தூங்கிக்கொண்டிருந்தான். அவனிடம் யாரும் சொல்லவில்லை.

அப்புறம் மழை. பூத்து வேலை போயிருந்ததால் அமலி சம்பா வயலில் களை பறிக்கப் போனாள். அக்டோபர் கடைசியில் காய்ச்சல் வந்தது. எலிக்காய்ச்சல் என்று நாகப்பட்டினத்தில் சொன்னார்கள். எலி மூத்திரம் கலந்த வயல் தண்ணீரில் நிற்பவர்களுக்கு வருவது. கண் மஞ்சளாகி, சிறுநீர் நின்று, கல்லறைத் திருநாளுக்கு மறுநாள் செத்துப்போனாள். அங்கிருந்த டாக்டர் ஃபிளோராவிடம் சாதாரணமாகத்தான் சொன்னார். "ரெண்டு கிட்னி இருந்திருந்தா தாங்கியிருக்கும்மா."

கல்லறைத் தோட்டத்தில் தோண்டிய குழியில் தண்ணீர் ஊறிக்கொண்டே இருந்தது. நான்கு ஆண்கள் வாளியால் இறைத்து இறைத்துப் பார்த்துவிட்டுப் பெட்டியை இறக்கினார்கள். பெட்டி மூழ்கவில்லை, மிதந்தது. கழியால் அமுக்கினாலும் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு மேலே வந்தது. கடைசியில் இரண்டு பாறாங்கல்லை மேலே வைத்து மண்ணைத் தள்ளினார்கள்.

ஜோசப்ராஜிடம் சொல்லவேண்டாம் என்று முடிவெடுத்தவள் ஃபிளோராதான். அதிர்ச்சி ஆகாது. ஊருக்குப் போகிறேன் என்று அடம்பிடிப்பான். உடம்பு தேறட்டும், மெல்லச் சொல்லிக்கொள்ளலாம்.

*

மறுநாளும் மூன்று மணிக்கு அமலி வந்தாள்.

ஃபிளோரா அப்போது அடுப்படியில் இருந்தாள். மழை சற்று ஓய்ந்து, ஓட்டிலிருந்து சொட்டும் சத்தம் மட்டும் கேட்டது. அறையிலிருந்து கணவனின் குரல். மெல்ல, சிறு பிள்ளையிடம் பேசுவது போல. பிறகு ஒரு நிறுத்தம். பிறகு அவனே பதில் சொல்வது போல உயர்ந்த, மெல்லிய குரல்.

ஓடிப்போய்க் கதவைத் தள்ளினாள்.

அவன் மட்டும்தான் இருந்தான். சட்டைப் பொத்தானை அவிழ்த்துவிட்டு, வலப்பக்க அடிவயிற்றை, புதுச் சிறுநீரகம் வைத்துத் தைத்த இடத்தை, தடவிக்கொடுத்துக்கொண்டிருந்தான்.

"யாரோட பேசுனீங்க?"

"பேசலையே." அவன் திரும்பிப் பார்த்தான். ஃபிளோரா கதவோடு ஒட்டிக்கொண்டாள். மருந்து செய்யும் வேலை அது என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். முகம் உருண்டையாகும், கை காலில் முடி வளரும், கண்ணிமை மயிர் நீளும் என்று. தினமும் பார்த்த முகம்தான். ஆனால் அந்த உருண்டை முகத்தில், நீண்டு வளைந்த அந்த இமைகளுக்கு அடியிலிருந்து இப்போது பார்த்தது அமலியின் பார்வை.

மூன்றாம் நாள் அவனுக்குக் காய்ச்சல் கண்டது.

தினமும் காலையில் எடை பார்ப்பது வழக்கம். எடை கூடினால் உடம்பில் நீர் தங்குகிறது, சிறுநீரகம் சோர்கிறது என்று அர்த்தம். ஐம்பத்தெட்டாக இருந்தவன் அறுபதைத் தாண்டியிருந்தான். அம்சவல்லி அவன் தோளைப் பிடித்து மெஷினிலிருந்து இறக்கிக் கட்டிலுக்கு நடத்திப் போனாள். ஃபிளோரா மெஷினைத் தள்ளிவைக்கக் குனிந்தாள்.

முள் பூச்சியத்துக்கு வரவில்லை. நாற்பத்தொன்றில் நின்றது.

கையால் தட்டினாள். அசையவில்லை. மெஷின்மேல் எதுவும் இல்லை. ஆனால் அதன் ரப்பர் விரிப்பில், இரண்டு பாதங்கள் வைக்கும் இடத்தில், பள்ளம் விழுந்திருந்தது.

மெட்ராஸ் ஆஸ்பத்திரியில் கொடையாளியின் விவரத்தாளை நிரப்பியவள் அவள்தான். எடை: நாற்பத்தொரு கிலோ. பேனா எழுதாமல் இரண்டு முறை அழுத்தி எழுதியது நினைவிருந்தது.

அவள் பார்த்துக்கொண்டே இருக்கும்போது பள்ளம் ஒவ்வொன்றாக நிமிர்ந்தது. முதலில் இடது கால். பிறகு வலது. முள் மெல்லச் சரிந்து பூச்சியத்துக்குப் போனது.

கட்டிலிலிருந்து ஜோசப்ராஜ் கூப்பிட்டான்.

"அண்ணி."

அம்சவல்லி நெற்றியில் கைவைத்துப் பார்த்துவிட்டு, "காய்ச்சல்ல பேத்துறாரும்மா. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிடலாம்," என்றாள்.

*

டாக்டர் ஜெக்கரியா அறுபதை நெருங்கியவர். எதையும் ஒளிக்காமல் சொல்கிறவர். மூன்று நாள் பரிசோதனைகளுக்குப் பிறகு ஃபிளோராவைத் தன் அறையில் உட்காரவைத்தார்.

"ரெண்டு பிரச்சினை ஒரே நேரத்துல வந்திருக்கும்மா. ஒண்ணு வைரஸ். நம்ம ஊர்ல முக்கால்வாசிப் பேர் உடம்புல இது இருக்கும். தூங்கிக்கிட்டு இருக்கும். ஒண்ணும் பண்ணாது. உங்க வீட்டுக்காரர் உடம்புல மொதல்ல இது இல்ல. ஆபரேஷனுக்கு முன்னாடி எடுத்த ரிப்போர்ட்ல அப்படித்தான் இருக்கு."

"அப்ப எப்படி வந்துச்சு டாக்டர்?"

"கொடுத்தவங்ககிட்டேருந்து. அவங்க கிட்னிக்குள்ள தூங்கிக்கிட்டு இருந்தது. கூடவே உள்ள வந்திருக்கு. நாம என்ன பண்றோம், கிட்னிய உடம்பு தள்ளிடக்கூடாதுன்னு மருந்து குடுத்து எதிர்ப்புச் சக்திய அடக்கி வைக்கிறோம். காவலே இல்லாத வீடு மாதிரி. அது எழுந்துடுச்சு."

ஃபிளோரா மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னொண்ணு, மருந்தையும் மீறி உடம்பு கிட்னிய எதிர்க்கவும் ஆரம்பிச்சிருக்கு. வைரஸ அடக்கணும்னா மருந்தக் குறைக்கணும். குறைச்சா கிட்னி போயிடும். கிட்னியக் காப்பாத்த மருந்தக் கூட்டினா வைரஸ் ஆளையே கொண்டுபோயிடும்." அவர் ஒரு தாளைத் தள்ளிவைத்தார். "ஊசி வச்சு கிட்னியிலேருந்து சின்னத் துணுக்கு எடுத்துப் பாத்தோம். இந்த வைரஸ் புகுந்த செல் மைக்ராஸ்கோப்புல ஆந்தைக் கண்ணு மாதிரி இருக்கும். நாங்க அப்படித்தான் சொல்றது. வழக்கமா தேடித்தேடிப் பாத்தா ஒண்ணு ரெண்டு கிடைக்கும். இவருக்கு..."

அவர் அந்தத் தாளை மறுபடி தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"இவருக்கு எங்க பாத்தாலும் கண்ணாத்தான் இருக்கு."

மெட்ராஸிலிருந்து ஊசி மருந்து வரவழைத்தார்கள். ஒரு வாரம் ஏற்றினார்கள். காய்ச்சல் இறங்குவதும் ஏறுவதுமாக இருந்தது. ஜோசப்ராஜின் வலது கண்ணில் பார்வை குறையத் தொடங்கியது. பார்வையின் ஓரத்தில் கறுப்பாக ஏதோ நிற்கிறது என்றான். கண் டாக்டர் வந்து விளக்கடித்துப் பார்த்துவிட்டு, வைரஸ் விழித்திரையை அரித்திருக்கிறது, அரித்த இடம் கறுப்பாகத்தான் தெரியும் என்றார்.

"எப்படித் தெரியுதுங்க?" என்று ஃபிளோரா தனியாக இருக்கும்போது கேட்டாள்.

"ஆள் மாதிரி. நேத்து கதவாண்ட நின்னா. இன்னைக்கு மேஜைகிட்ட வந்துட்டா."

"யாரு?"

அவன் அவளுக்குப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தான்.

சிறுநீரகம் இருக்கும் இடம் வீங்குகிறதா என்று நான்கு மணிக்கொரு தரம் தொட்டுப் பார்க்கச் சொல்லியிருந்தார்கள். அன்று மதியம் நர்ஸ் சாப்பிடப் போயிருந்தாள். வராந்தாவில் ஈரத்துணிகள் காற்றில் படபடத்தன. சுவர்க் கடிகாரத்தில் மூன்று. அவன் கண்மூடியிருந்தான். ஃபிளோரா போர்வையை விலக்கி, தழும்புக்கு மேலே உள்ளங்கையை வைத்தாள்.

சூடாக இருந்தது. கெட்டியாக இருந்தது.

மெல்ல அழுத்தினாள்.

உள்ளேயிருந்து அது திருப்பி அழுத்தியது.

கையை எடுக்கப் பார்த்தாள். எடுக்க முடியவில்லை. தோலுக்கு அடியிலிருந்து ஐந்து விரல்கள் அவள் ஐந்து விரல்களோடு ஒன்றுக்கொன்று பொருந்தி, கேட்டுக் கம்பியின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இரண்டு பேர் கைவைத்து நிற்பது போல நின்றன.

ஜோசப்ராஜின் உதடு அசைந்தது. கண் திறக்கவில்லை.

"உள்ள விடுங்க அண்ணி."

"உள்ளதானே இருக்க," என்றாள் ஃபிளோரா. "இன்னும் என்ன வேணும் உனக்கு? அவரு உன் அண்ணன். அவர விட்டுடு."

"அண்ணன ஒண்ணும் பண்ணமாட்டேன்."

கை விடுபட்டது. உள்ளங்கை முழுக்கச் சேறு மணந்தது.

*

மறுநாள் டாக்டர் ஜெக்கரியா முடிவைச் சொன்னார். சிறுநீரகத்தை எடுத்துவிடவேண்டும். எடுத்தால் மருந்துகளை நிறுத்தலாம், வைரஸை உடம்பே அடக்கிவிடும், ஆள் பிழைப்பான். திரும்பவும் டயாலிசிஸ்தான்.

கையெழுத்து வேண்டும். ஜோசப்ராஜ் போட மறுத்தான்.

"எத வேணா எடுக்கட்டும். அவள வெளிய தள்ளவேணாம்."

"அது வெறும் சதைங்க," என்றாள் ஃபிளோரா. "அழுகிப்போன சதை."

"ரெமிஜியஸ் வீட்டுக்கு நீ போனியாமே."

மழைச் சத்தம் நின்றுபோனது போலிருந்தது.

"யாரு சொன்னா?"

"அவதான். வந்து வாசக் கேட்டாண்டயும் நின்னாளாமே. நீ ஜன்னலச் சாத்திட்டியாம்."

ஃபிளோரா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். இத்தனை நாள் நெஞ்சில் கிடந்ததெல்லாம் ஒரே மூச்சில் வந்தது. "உங்களுக்காகத்தாங்க செஞ்சேன். நீங்க மெஷின்ல கெடந்து துடிச்சத பாத்துக்கிட்டு இருக்க முடியல. வேற வழி தெரியல. அவ... அவ இப்ப இல்லீங்க. மூணாந்தேதி செத்துட்டா. சொன்னா தாங்கமாட்டீங்கன்னு..."

"தெரியும்," என்றான் ஜோசப்ராஜ். அவன் குரலில் கோபம்கூட இல்லை. "பெட்டி மிதந்துச்சாமே."

ஃபிளோரா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"நானும் மொதல்ல என்னப் பாக்கத்தான் வர்றான்னு நெனச்சேன்," என்றான். "அவ எனக்காக வரல ஃபிளோரா. நான் சும்மா ஒரு வீடு. இங்கேருந்து தள்ளுனா அவளுக்குப் போக ஒரு எடம் வேணும். யோசிச்சுக்க."

அதன்பிறகு அவன் அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. சாயங்காலம் காய்ச்சல் ஏறி நினைவு தப்பியது. ஃபிளோரா மனைவி என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டாள். பேனா முதல் இழுப்பிலேயே எழுதியது.

*

ஆபரேஷன் முடிந்ததும், எடுத்ததைச் சொந்தக்காரர்களுக்குக் காட்டுவது வழக்கம். வார்டு பையன் எவர்சில்வர் தட்டில் பஞ்சுத்துணி போட்டு மூடிக்கொண்டு வந்தான். துணியை விலக்கினான். கன்றிப்போய், கறுத்து, கைமுட்டியைவிடப் பெரிதாக வீங்கியிருந்தது. அம்சவல்லி சிலுவை போடுகிறவள் இல்லை. ஆனாலும் கையெடுத்துக் கும்பிட்டாள்.

ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் மருந்துத் தண்ணீர் ஊற்றி அதைப் போட்டு, மூடி, சீட்டு ஒட்டி ஃபிளோராவிடம் கொடுத்தார்கள். பரிசோதனைக்கூடம் அடுத்த தெருவில் இருந்தது. நோயாளியின் வீட்டார்தான் கொண்டுபோய்க் கொடுக்கவேண்டும்.

ஆஸ்பத்திரி வாசலில் அம்சவல்லி அவள் முழங்கையைப் பிடித்தாள்.

"அம்மா, நான் ஆஸ்பத்திரியில எத்தனையோ பாத்தவ. சொன்னா கேளுங்க. சோதனை பண்ணி என்ன ஆவப்போவுது? இத அந்தப் புள்ள குழியிலயே கொண்டு போய் வச்சு, தப்புன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துருங்க. அவ பொருள் அவகிட்ட போயிடட்டும்."

"சரிக்கா," என்றாள் ஃபிளோரா.

அவளுக்கு அந்தக் குழி கண்ணில் வந்தது. ஊறிக்கொண்டே இருந்த தண்ணீர். கல் வைத்து அமுக்கிய பெட்டி. அதன் முன்னால் போய் நின்று, குனிந்து, வாயைத் திறந்து சொல்லவேண்டும். இத்தனை நாள் பட்ட பயமெல்லாம் ஒரே கோபமாகத் திரண்டது. செத்தும் விடமாட்டாளா? ஆறு மாதம் புருஷனுக்குப் பீ மூத்திரம் அள்ளியவள் நான். அவன் வாயால் எனக்கு எதிராகவே பேசவைத்துவிட்டாளே.

ஒரு ஆட்டோவில் ஏறி, புது ஆற்றுப் பாலத்தில் நிறுத்தச் சொன்னாள். செம்மண் தண்ணீர் இரண்டு கரையையும் தொட்டு ஓடியது. மடியிலிருந்த டப்பாவை எடுத்துக் கைப்பிடிச் சுவருக்கு மேலே நீட்டினாள்.

"வெளிய போடி," என்றாள்.

டப்பா சுழன்றபடி பாலத்துக்கு அடியில் போனது. மறுபக்கம் போய் எட்டிப் பார்த்தாள். அந்தப் பக்கம் அது வெளியே வரவில்லை. வெள்ளத்தில் எங்காவது செருகிக்கொண்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் பரிசோதனைக்கூடத்துக்காரர்கள்தான் தொலைத்துவிட்டார்கள் என்று சொல்லிவிட்டாள். அம்சவல்லியிடம் குழியில் வைத்துவிட்டதாகச் சொன்னாள்.

*

ஜோசப்ராஜ் பிழைத்தான். கார்த்திகை பிறந்து சில நாட்களில் காய்ச்சல் முழுதாக விட்டது. வலது கண் போனது போனதுதான். இடது கண்ணால் பேப்பர் படித்தான். முகத்து உருண்டை வடிந்து, இமை மயிர் உதிர்ந்து, பழைய ஜோசப்ராஜாகத் திரும்பினான். மூன்று மணி வந்தது, போனது. யாரும் வரவில்லை. இரண்டு குரல் கேட்கவில்லை. ஒரு குரல்கூடக் கேட்கவில்லை, ஏனென்றால் அவன் மனைவியிடம் பேசுவதை நிறுத்தியிருந்தான். வேண்டியதை அம்சவல்லியிடம் சொல்வான். வாரம் இரண்டு நாள் அவளோடுதான் டயாலிசிஸுக்குப் போவான். ஃபிளோரா அருகில் வந்தால் மட்டும், இருக்கும் ஒற்றைக் கண்ணால் அவளை ஏற இறங்கப் பார்ப்பான். எதையோ தேடுவது போல. கண்டுபிடித்ததும் பார்வையைத் திருப்பிக்கொள்வான்.

கிறிஸ்துமஸ் போனது. பொங்கல் போனது. வயல்களில் அறுப்பு நடந்தது.

தை மாதக் கடைசியில் ஃபிளோராவுக்கு வலப்பக்க அடிவயிற்றில் வலி வந்தது. முதலில் சுளுக்கு என்று நினைத்தாள். பிறகு குடல்வால் வலியாக இருக்கும் என்று அம்சவல்லி சொன்னாள். ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் புதிதாகத் திறந்திருந்த ஸ்கேன் சென்டருக்குக் காலை பத்து மணிக்குத் தனியாகப் போனாள். வெளிநாட்டிலிருந்து வந்த கலர் மெஷின். ஏசி அறை. நல்ல வெளிச்சம்.

ஸ்கேன் எடுத்த டாக்டர் இளம்பெண். வயிற்றில் பசையைத் தடவிக் கருவியை வைத்து உருட்டிக்கொண்டே சகஜமாகப் பேசினாள்.

"எந்த ஆஸ்பத்திரியில பண்ணுனீங்க?"

"என்னது டாக்டர்?"

"ட்ரான்ஸ்ப்ளான்ட்."

"எனக்கு இல்லீங்க. என் வீட்டுக்காரருக்குத்தான்..."

டாக்டர் திரையைப் பார்த்தபடி சிரித்தாள். "உங்க ரெண்டு கிட்னியும் அதது எடத்துல நல்லா இருக்கு. இங்க கீழ இருக்கே, இது மூணாவது. புதுசா வச்சதுதானே? தழும்பே தெரியாம நல்லா தச்சிருக்காங்க. ரத்த ஓட்டம் பாக்கலாம், இருங்க."

ஒரு பொத்தானை அழுத்தினாள். ஸ்பீக்கரில் சத்தம் வந்தது. விர்ர், விர்ர் என்று, மதகு வழியாகத் தண்ணீர் விட்டுவிட்டுப் பாய்வது போல.

"பிரமாதமா ஓடுது. என்ன மருந்து சாப்புடுறீங்க?"

"மருந்து எதுவும் சாப்புடல," என்றாள் ஃபிளோரா.

கருவியை உருட்டிக்கொண்டிருந்த கை நின்றது.

"மருந்து இல்லாமலா? எத்தனை மாசமா? உடம்பு இத எதிர்த்திருக்குமே. காய்ச்சல் வந்திருக்குமே." டாக்டர் முதல் தடவையாக அவள் முகத்தைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு அவள் வயிற்றை. வலப்பக்கம், தொப்புளுக்குக் கீழே, பசையின் பளபளப்புக்கு அடியில் தோல் எழும்பி அடங்கியது. இன்னொரு தடவை எழும்பியது.

"யாரு குடுத்தாங்க உங்களுக்கு?" டாக்டரின் குரல் இறங்கிப்போயிருந்தது.

ஃபிளோரா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

டாக்டர் கருவியை அவள் வயிற்றிலிருந்து எடுத்தாள். பொத்தானை அணைத்தாள். எழுந்து போய், சுவரிலிருந்து மெஷினின் ஒயரையும் பிடுங்கினாள்.

திரை கறுத்தது.

சத்தம் நிற்கவில்லை.